படியேறி நின்ற பிறகு நாடி இறங்க எவ்வளவு நேரம் ஆக வேண்டும்?

லிந்தாங்சாலை | ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். சுங்கை சிப்புட் நண்பர்களிடம் ஒரு சந்தேகம். மகன் நான்காம் படிவம் படிக்கிறான். உயிரியல் பாடத்துக்கு நாடி எண்ணும் செய்முறை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வாசற்படியில் மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும். நின்றவுடன் ஒரு முறை, பிறகு ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் நிமிடங்களில் நாடியை எண்ண வேண்டும். அவன் தன்னோடு நிறுத்தாமல் வீட்டிலிருந்த அத்தனை பேரையும் படியேற வைத்துவிட்டான். கைபேசியில் தாளம் ஓடவிட்டு, நிமிடத்துக்கு 20 ஏற்றம். அவன் எழுதிய கணக்கு இதோ:

மகன், வயது 16, பூப்பந்து ஆடுகிறவன்: ஓய்வில் 68. நின்றவுடன் 148, பிறகு 112, 88, 76.
நான், வயது 44, நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை: ஓய்வில் 82. நின்றவுடன் 156, பிறகு 138, 118, 106.
என் அப்பா, வயது 69, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர்: ஓய்வில் 62. நின்றவுடன் 118, பிறகு 92, 74, 66.
என் மனைவி, வயது 41, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்: ஓய்வில் 58. நின்றவுடன் 92, பிறகு 80, 66, 60.

அப்பா ஐந்தாம் நிமிடத்தில் சுருட்டு வாங்கிவரக் கடைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு அப்போதும் நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. மனைவிக்கு நாடி அவ்வளவாக ஏறவே இல்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

தீம்பார் 21 | ஞாயிறு, இரவு 9.32

இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது அண்ணே! காலை ஐந்தரைக்கு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தலைக்கு மேல் குலை தள்ளியவர் அவர். ஒரு குலை இருபது கிலோ வரும். அந்த இதயமும் விசைப்பலகை தட்டுகிற இதயமும் ஒன்றா? தோட்டத்து உழைப்பை எந்த உடற்பயிற்சிக் கூடமும் கொடுக்காது.

பழைய டிரெசர் | ஞாயிறு, இரவு 10.20

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உழைப்புப் பேச்சு பிறகு இருக்கட்டும்; முதலில் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம்.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் முடிச்சு என்று ஒன்று இருக்கிறது. துடிப்பு பிறப்பது அங்கேதான். நரம்பு எதுவும் தலையிடாமல் தனியே விட்டால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். உட்கார்ந்திருக்கும்போது நமக்கு எழுபது எண்பதில் நிற்கிறது என்றால், மூளைத் தண்டிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு அதை எந்நேரமும் அடக்கி வைத்திருக்கிறது என்று பொருள். மிதிவண்டியில் இறக்கத்தில் போகும்போது பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே போவோமே, அந்த மாதிரி. படியில் கால் வைத்ததும் உடல் முதலில் செய்வது அந்தப் பிடியைத் தளர்த்துவது. அதனால்தான் ஒன்றிரண்டு விநாடியிலேயே நாடி எகிறுகிறது. சிலருக்குப் படியேறுவதற்கு முன்பே, ஏறப்போகிறோம் என்ற நினைப்பிலேயே ஏறிவிடும். நூறைத் தாண்டி மேலே போக வேண்டுமென்றால்தான் இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளும் அட்ரினலினும் பெரிய அளவில் வேலைக்கு வருகின்றன.

இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கிறது. நின்ற முதல் ஒரு நிமிடத்தில் சரசரவென்று இறங்குவது வேகஸ் நரம்பு திரும்பி வந்து பிடிப்பதால். அதற்குப் பிறகு வரும் மெதுவான இறக்கம் வேறு கணக்கு. இரத்தத்தில் இருக்கும் அட்ரினலின் கரைய வேண்டும், உடல் சூடு தணிய வேண்டும், தசையில் சேர்ந்தவை வெளியேற வேண்டும்.

ஆகவே தம்பி, எவ்வளவு உயரம் ஏறியது என்று பார்க்காதீர்கள். முதல் நிமிடத்தில் எத்தனை இறங்கியது என்று பாருங்கள். மகனுக்கு 36, அப்பாவுக்கு 26, உங்களுக்கு 18. அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவர்கள் 2,428 பேரை ஓடுபொறியில் சோதித்து, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கவனித்து 1999இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ இறங்கியவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது. நீங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள். ஆனால் அவர்கள் ஓடுபொறியில் உச்சம் வரை போய், பிறகு மெல்ல நடந்தபடி அளந்தார்கள். நீங்கள் வாசற்படியில் மூன்று நிமிடம் ஏறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அந்த 12ஐ அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது.

உங்கள் மனைவியின் மாத்திரைப் பெயர் ‘லால்’ என்று முடிகிறதா பாருங்கள். அட்டெனோலால், பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் எல்லாம் அட்ரினலின் இதயத்தைத் தொடாமல் தடுக்கும் மருந்துகள். அவர் எவ்வளவு உழைத்தாலும் நாடி அதிகம் ஏறாது. இதயம் பலமாக இருக்கிறது என்றோ, பலவீனமாக இருக்கிறது என்றோ இதை வைத்துச் சொல்ல முடியாது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று தயவுசெய்து யாரும் கிளம்ப வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் இதயம் எக்குத்தப்பாகத் துடிக்க ஆரம்பிக்கும்; நெஞ்சுவலியில்கூடக் கொண்டுவிடும்.

லிந்தாங்சாலை | ஞாயிறு, இரவு 10.41

பிசோப்ரோலால்தான் ஐயா. மிக்க நன்றி. அப்படியானால் அவர் நடக்கும்போது எந்த அளவோடு நிறுத்துவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய டிரெசர் | ஞாயிறு, இரவு 10.48

பேச்சை வைத்துத்தான். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர் | திங்கள், காலை 7.05

அந்த அட்டவணையைப் பார்த்ததும் சிவப்பு மை எடுக்கக் கை போகிறது. நான்கு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமான ஒப்பீடே இல்லை. படியின் உயரம் எவ்வளவு? ஒவ்வொருவரின் எடை எவ்வளவு? அதை ஏன் எழுதவில்லை?

லிந்தாங்சாலை | திங்கள், காலை 7.30

பசியாறிக்கொண்டே அளந்தோம் டீச்சர். படி 30 சென்டிமீட்டர். நான் 88 கிலோ, அப்பா 55.

ஓய்வுபெற்ற டீச்சர் | திங்கள், காலை 8.10

அப்படியானால் பெருக்கிப் பாருங்கள். 88 கிலோ, புவியீர்ப்புக்கு 9.8, உயரம் 0.3 மீட்டர், நிமிடத்துக்கு 20 முறை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,170 ஜூல். அதாவது 86 வாட். அப்பாவுக்கு அதே கணக்கில் 54 வாட்தான் வருகிறது. ஒரே படி, ஒரே தாளம், ஆனால் நீங்கள் செய்தது அவர் செய்ததைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேலான வேலை. தசை, எரிக்கும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி முக்கால் பங்கு சூடாகப் போகிறது. ஆகவே உங்களுக்கு சூடும் அந்த அளவுக்கு அதிகம், அந்தச் சூட்டை வெளியேற்றும் பாடும் அதிகம்.

இந்தப் படிச் சோதனைக்கே மூலம் 1943இல் லூசியன் புரூஹா ஹார்வர்டில் அமைத்தது. 20 அங்குலப் பலகை, நிமிடத்துக்கு 30 ஏற்றம், ஐந்து நிமிடம். நல்ல உடல்வாகுள்ள இளைஞர்களுக்காக வைத்த அளவு அது. வாசற்படியில் குடும்பத்தை ஏற்றுவதற்கு மகன் அதைக் குறைத்துக்கொண்டது புத்திசாலித்தனம். ஆனால் குறைத்ததை எழுத வேண்டும்.

அடுத்து, அறிக்கையில் உடற்சமநிலை என்று அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று தெரியவில்லை. ‘நாடி பழைய எண்ணுக்கு வந்தது, ஆகவே உடல் சமநிலைக்கு வந்தது’ என்று எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்தான். நாடி ஒரு கருவி. உடல் காக்க நினைப்பது நாடியை அல்ல. இரத்த அழுத்தம், கார்பன் டை ஆக்சைடின் அளவு, சர்க்கரை, உள்சூடு இவற்றைத்தான். இவற்றை ஒரு வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக நாடியை ஏற்றுகிறது, இறக்குகிறது. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் தள்ளுகிறது. கடும் உழைப்பில் சாதாரண ஆளுக்கே இருபது லிட்டரைத் தொடும். ஓய்வில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகும். உச்ச உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு அங்கே போய்விடும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் குறையும். சாப்பிட்டவுடன் ஓடாதே என்று பாட்டிமார் சொன்னது இதனால்தான் பலிக்கிறது.

திரும்பி வரும்போதும் எல்லாம் ஒன்றாக வருவதில்லை. மூச்சு ஒரு நேரத்தில், நாடி ஒரு நேரத்தில், உள்சூடு இன்னும் தாமதமாக. கடும் உழைப்பில் தசையில் உண்டாகும் லாக்டேட் பாதியாகக் குறையவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். தசை தன் சர்க்கரைக் கையிருப்பான கிளைக்கோஜனை நிரப்பிக்கொள்ள ஒரு நாள் பிடிக்கும். நின்ற பிறகும் மூச்சு வாங்குவதை 1920களில் உடலியல் அறிஞர் ஏ.வி. ஹில் ஆக்சிஜன் கடன் என்றார். எல்லாமே கடனை அடைக்கும் செலவு அல்ல, சூடும் ஹார்மோனும் கூடக் காரணம் என்று 1984இல் கேசரும் புரூக்ஸும் அந்தப் பெயரை மாற்றச் சொன்னார்கள். பிள்ளைக்குப் பாடத்தில் இது வராது. ஆனால் தெரிந்துகொண்டால் நல்லது.

இரவு வேலை | திங்கள், பிற்பகல் 3.40

நான் எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடக்கிறேன். போன வாரம் திடலைச் சுற்றிச் சாதாரணமாக நடக்கும்போது 170 என்று காட்டியது. பதறி உட்கார்ந்துவிட்டேன்.

பழைய டிரெசர் | திங்கள், மாலை 5.15

அந்தக் கடிகாரம் தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, இரத்தம் வந்து போகும்போது திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால் கை வீசும் தாளத்தையே நாடி என்று எண்ணிவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டுங்கள். சந்தேகம் வந்தால் விரலால் எண்ணிவிடுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். கட்டைவிரல் வேண்டாம், அதற்குள்ளேயே ஒரு நாடி இருக்கிறது. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். முழு நிமிடம் எண்ணினால் எண்ணி முடிப்பதற்குள் நாடி இறங்கிவிடும்.

கழுத்தில் எண்ணுகிறவர்கள் அழுத்தக் கூடாது. அங்கே தமனி பிரியும் இடத்தில் அழுத்த உணரிகள் இருக்கின்றன. நீங்கள் அழுத்துவதை இரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அவை நாடியைக் குறைத்துவிடும். வயதானவர்களுக்குத் தலைசுற்றலே வரும்.

பதறி உட்கார்ந்தது சரி. ஆனால் உண்மையிலேயே வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நிற்பது நல்லதல்ல. நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன. நின்றால் அந்தப் பிழிவு நின்றுவிடும். விரிந்திருக்கும் காலின் இரத்தக்குழாய்களில் இரத்தம் தேங்கும், மூளைக்குக் குறையும். பத்துமலையில் 272 படியும் ஏறி மேலே போய் நின்றதும் கண் இருட்டுகிறது என்பார்கள். பசியும் வெயிலும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நின்ற இடத்தில் நிற்காமல் நாலடி நடந்தபடி இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தீம்பார் 21 | திங்கள், இரவு 8.02

என் மைத்துனன் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு திடலில் ஓடுகிறான். வேர்வை கொட்டினால் கொழுப்பு கரையுமாம். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ போய்விட்டது என்கிறான்.

ஓய்வுபெற்ற டீச்சர் | திங்கள், இரவு 8.20

போனது தண்ணீர். இரண்டு குவளை குடித்தால் அரைக் கிலோ திரும்பி வந்துவிடும். வேர்வை சொட்டுவதால் உடல் குளிர்வதில்லை. ஆவியாகிப் போனால்தான் குளிரும். ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துப் போகிறது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருப்பதால் பாதி வேர்வை ஆவியாகாமல் தரையில் சொட்டுகிறது. அதன்மேல் மழைக்கோட்டும் போட்டால் சூடு உள்ளேயே கிடக்கும். தோலுக்கு இரத்தம் அனுப்ப வேண்டும், தசைக்கும் அனுப்ப வேண்டும், தண்ணீர் போனதால் இரத்தமோ குறைந்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் அளவு குறையக் குறைய, ஓடும் வேகம் மாறாமலே நாடி மட்டும் ஏறிக்கொண்டே போகும். உங்கள் மைத்துனரிடம் கோட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.

தீம்பார் 21 | திங்கள், இரவு 8.26

சொன்னால் கேட்க மாட்டான். குத்துச்சண்டை வீரர்கள் செய்கிறார்களே என்பான்.

நெறியாளர் | திங்கள், இரவு 9.00

மழைக்கோட்டு, குத்துச்சண்டை பற்றித் தொடர விரும்புவோருக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். இங்கே நாடி மட்டும்.

ஈப்போக்காரி | செவ்வாய், காலை 6.50

தீம்பார் தம்பி முதலில் எழுதியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதை விட்டுவிட மனமில்லை. டோவன்பி தோட்டத்துப் பக்கம் லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) வளர்ந்தவள் நான். தோட்ட உழைப்பு நல்ல இதயத்தைக் கொடுத்தது என்று நீங்கள் சொல்வது, அண்ணனின் அப்பா 69 வயதில் நம் கண்முன் படியேறுவதால். படியேற இன்றைக்கு இல்லாதவர்களை யார் கணக்கில் எடுப்பது? என் தாய்மாமன் ஐம்பதைத் தொடவில்லை. குலை வெட்டியவர்தான். எங்கள் வரிசையில் சர்க்கரைக்குக் கால் இழந்தவர்கள் எல்லாரும் ரப்பர் பால்வெட்டியவர்கள்தான், யாரும் சோம்பேறிகள் அல்ல. மலேசிய நாட்டுச் சுகாதாரக் கணக்கெடுப்புகளில் சர்க்கரை நோய் விகிதம் இந்தியர்களிடையேதான் அதிகம் என்று திரும்பத் திரும்ப வருகிறது. அதில் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனை!

மருத்துவ ஆய்வாளர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் ஓடுகிறவருக்குக் கிடைக்கும் நன்மை, வேலையில் நாள் முழுக்கச் சுமை தூக்குகிறவருக்கு அப்படியே கிடைப்பதில்லை. சில ஆய்வுகளில் கேடாகவே தெரிகிறது. ஏன் என்று யோசித்தால் இந்த இழையிலேயே விடை இருக்கிறது. ஓடுகிறவர் அரை மணி நேரம் நாடியை ஏற்றுகிறார், பிறகு இறக்குகிறார், நாள் முழுக்க இதயம் இளைப்பாறுகிறது. மாமா காலை ஆறரை முதல் பிற்பகல் வரை கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கையைத் தூக்கி அசையாமல் பிடித்தால் இரத்த அழுத்தம் எகிறும். வெயிலில், தண்ணீர் போதாமல், நடுவில் இறங்கி வர இடமே இல்லாமல். மாலையில் நிறை எண்ணிச் சம்பளம் போட்டார்களே தவிர, அவர் நாடி எப்போது இறங்கியது என்று யார் கேட்டார்கள்?

தீம்பார் 21 | செவ்வாய், காலை 7.40

அக்கா, நான் பெருமையாகச் சொன்னேனே தவிர அந்த நோக்கத்தில் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த பிறகுதான் என் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது. உட்கார்ந்ததுதானே காரணம்?

பழைய டிரெசர் | செவ்வாய், காலை 10.30

இருவர் சொல்வதையும் நான் பார்த்திருக்கிறேன். வேலை நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. அதே அளவு சோறு, அதே அளவு பால் டின் கலந்த தேநீர். அதில் தீம்பார் சொல்வது சரி. ஆனால் உழைப்பு உடலைத் தேற்றுவதும் தேய்ப்பதும் நடுவில் கிடைக்கும் ஓய்வைப் பொறுத்தது. அதில் ஈப்போக்காரியோடுதான் நான் நிற்பேன். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற வெட்டுக்காரர்களுக்கு நாடி பார்த்தவன் சொல்கிறேன்: பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகும் நூறுக்குக் கீழே இறங்காதவர்கள் பலர் இருந்தார்கள். காய்ச்சலா என்று பார்ப்போம், இருக்காது. தண்ணீரும் உப்பும் கொடுத்து நிழலில் படுக்க வைத்தால் இறங்கும்.

பயிற்சியில் வரும் மாற்றமும் ஓய்வில்தான் நடக்கிறது. முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். பிறகு மெல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் தள்ளப் பழகும். அதனால்தான் ஓய்வு நாடி குறைகிறது. நீண்ட தூர ஓட்டக்காரர்களுக்கு ஐம்பதுக்குக் கீழேகூட இருக்கும்.

லிந்தாங்சாலை | செவ்வாய், இரவு 9.05

அக்கா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘அந்தப் பிள்ளை சொல்வது சரி, என்னோடு சேர்ந்து வேலைக்கு நின்றவர்களில் பாதிப் பேர் இல்லை’ என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். போன ஆண்டுப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஐந்தாம் நிமிடத்திலும் 106 நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இணையத்தில் 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடி என்கிறார்கள். எனக்கு 176 வருகிறது. வாசற்படியிலேயே 156 என்றால் பயமாக இருக்கிறது.

பழைய டிரெசர் | செவ்வாய், இரவு 9.50

220 கணக்கு தோராயம். ஒரே வயதுள்ள இருவருக்கு உண்மையான உச்சம் இருபது துடிப்பு வித்தியாசப்படலாம். 2001இல் வந்த இன்னொரு கணக்கு 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொல்கிறது. உங்களுக்கு அதில் 177. இரண்டையும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

சர்க்கரை நீண்ட நாள் ஏறியிருந்தால் வேகஸ் நரம்பையும் கெடுக்கும். அப்போது ஓய்வு நாடி கூடும், இறக்கம் மந்தமாகும். உங்களுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எடை, பழக்கமின்மை, தூக்கக் குறைவு, இரண்டு கோப்பி எல்லாமே இதே எண்களைக் கொடுக்கும். காலையில் கண் விழித்ததும், எழுந்து நடப்பதற்கு முன், படுக்கையிலேயே நாடியை எண்ணி ஒரு வாரம் எழுதுங்கள். அந்தத் தாளோடு அரசு கிளினிக்குக்குப் போய் மூன்று மாதச் சர்க்கரை அளவையும் ஒரு இ.சி.ஜி.யையும் கேளுங்கள். படியேறும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கையோ தாடையோ வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ தாள் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அதுவரை வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம், பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக.

இரவு வேலை | செவ்வாய், இரவு 11.30

சனிக்கிழமை காலை நாங்கள் சிலர் திடலில் நடக்கிறோம். அண்ணன் வீட்டில் எல்லாரும் வரலாம். எத்தனை மணிக்கு வைக்கலாம் ஐயா?

பழைய டிரெசர் | புதன், காலை 6.40

ஏழு மணிக்கு. எட்டரைக்குள் முடித்துவிடலாம், வெயில் ஏறாது. ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். தீம்பார், மைத்துனரையும் அழைத்து வாருங்கள். மழைக்கோட்டு மட்டும் வீட்டில் இருக்கட்டும்.